சிவப்பு குடிபெயர்ந்த வசந்தம்

லியூஜிங் கிராமத்து ஓவியர்களைப் பற்றி இன்று எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். பெய்ஜிங்கின் விளிம்பில், முட்டைக்கோஸ் வயல்களுக்கு நடுவே, குடியானவர்களின் முற்றத்து வீடுகளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, நீண்ட முடியோடும் நிரம்பாத வயிற்றோடும் அவர்கள் ஒரு புதிய கலையை எப்படித் தொடங்கினார்கள் என்பதும், எந்தக் கண்காட்சி திறந்த கையோடு இழுத்து மூடப்பட்டது என்பதும், பின்னாளில் எவருடைய படத்தை எந்த நாட்டுச் சீமான் தன் வரவேற்பறையில் மாட்டினார் என்பதும் பதிவாகிவிட்டன. அவர்கள் வளர்த்த நொண்டி நாயின் பெயர்கூட ஒரு தடித்த புத்தகத்தின் அடிக்குறிப்பில் இருக்கிறது. பின்னணி பூசியவளின் பெயர் இல்லை. நாய்க்குக் கிடைத்த இடம் அவளுக்குக் கிடைக்காததற்கு எழுதியவர்களின் மறதியைக் காரணம் சொல்வது நாகரிகம். எனக்கு அந்த நாகரிகம் கிடையாது. அவள் பெயர் வென் ஷுவாங்.

தெற்கு மாகாணமொன்றின் கலைக்கல்லூரியில் தன் வகுப்பில் முதலாவதாகத் தேறியவள் அவள். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், அதே வகுப்பில் நடுவாந்தரமாகத் தேறிய காவ் தியேஷானோடு ரயிலேறி வடக்கே வந்தாள். வந்த இடத்தில் அவன் ஓவியனானான், அவள் ஓவியனோடு இருப்பவளானாள். வாய் பிளந்து நிற்கும் முகமற்ற கூட்டங்களை காவ் பெரிய பெரிய துணிகளில் வரைந்தான். அந்தக் கூட்டங்களின் தலைக்குமேல், அடிவானம் தொட்டு விளிம்புவரை, பார்ப்பவரின் கழுத்தைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஒரு சிவப்பு இருந்தது. வாய்களை அவன் ஒரு பிற்பகலில் போட்டுவிடுவான். சிவப்பை வென் ஷுவாங் பூசினாள்: மெல்லிய ஒரு பூச்சு, அது உலரும்வரை காத்திருப்பு, உப்புத்தாளால் ஓர் உரசல், மறுபடி மெல்லிய ஒரு பூச்சு, மறுபடி காத்திருப்பு என்று, பனி உருகும்போது தொடங்கிய வேலை வயலில் விதை முளைக்கும்போதுதான் முடியும். கடல் தாண்டி வந்த விமர்சகர்கள் அந்தப் படங்களின் முன் நின்று, வாய்களைப் பற்றி இரண்டு வரியும் சிவப்பைப் பற்றி இரண்டு பக்கமும் எழுதினார்கள். அதற்கு 'காவின் சிவப்பு' என்று பெயரும் வைத்தார்கள்.

அவளுக்கென்று ஒரு படம் இருந்தது. வீட்டுக்காரி பாங் அக்கா ஒரு காலத்தில் காடி ஜாடிகளை அடுக்கிவைத்திருந்த பின்னறையில், சுவரை அடைக்கும் அளவுக்குப் பெரிய துணியில், கிராமத்துப் பொதுக் குளியல் கூடத்தின் முன் குளிர்காலத்தில் வரிசையில் நிற்கும் பெண்களை அவள் வரைந்துகொண்டிருந்தாள். இடுப்பில் பீங்கான் பூச்சிட்ட தகரக் கிண்ணமும் தோளில் துவாலையும், மேலே பஞ்சு வைத்துத் தைத்த தடித்த சட்டையுமாக, தத்தம் முறைக்காகக் காத்திருக்கும் பெண்கள். எல்லாம் சாம்பல் நிறத்தில். ஏனென்றால் கறுப்பும் வெள்ளையும்தான் மிஞ்சின. சிவப்புக் குழாய்கள் 'படங்களுக்கு' என்று காவ் சொல்லியிருந்தான், படங்கள் என்றால் அவனுடைய படங்கள். அந்த வசந்தத்தில், கைவிடப்பட்ட பிளாஸ்க் தொழிற்சாலையின் கொட்டகையில் கிராமத்தின் முதல் பெருங்கண்காட்சி திறக்கவிருந்தது. அதில் அந்தப் படம் தொங்க வேண்டும், அதன் கீழே அவள் பெயர் இருக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவே.

"இந்தத் தடவை என்னோடதையும் மாட்டணும்," என்றாள்.

"மாட்டலாம், மாட்டலாம். அடுத்த வருஷம்."

"போன வருஷமும் இதைத்தானே சொன்ன?"

"ஷுவாங், நான் உன் நல்லதுக்குச் சொல்றேன். குளிக்க நிக்கிற பொம்பளைங்க! இதுல எங்க இருக்கு எதிர்ப்பு? நாம எதை எதிர்த்து இங்க கஷ்டப்பட்டுக்கிட்டிருக்கோம்னு பாக்கறவனுக்குப் புரிய வேணாமா?"

"நிக்கிறாங்கல்ல, அதைப் பாரு. எவ்வளவு நேரமா நிக்கிறாங்கன்னு அவங்க காலைப் பாரு."

முற்றத்தில் வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்த பாங் அக்கா தலையைத் தூக்காமலே சொன்னாள்: "உன் அடுத்த வருஷம் வந்து சேர்றதுக்குள்ள என் வயல்ல முட்டைக்கோஸெல்லாம் கல்யாணம் பண்ணிப் பேரப்புள்ளை எடுத்துடும், காவ்."

கண்காட்சி திறக்கவிருந்த காலையில் மாவட்டத்திலிருந்து சிவப்பு போய்விட்டது.

தக்காளியில் இருந்தது, சேவலின் கொண்டையில் இருந்தது, குளிரில் கன்றிய குழந்தைகளின் கன்னத்தில் இருந்தது. மனிதக் கை பூசிய சிவப்பும், சாயமிட்ட சிவப்பும், அச்சிட்ட சிவப்பும்தான் போயின. நிலைவாசல்களில் புத்தாண்டுக்கு ஒட்டிய வாழ்த்துத் தாள்கள் எலும்பு நிறத்தில் தொங்கின. பிரதான சாலையின் குறுக்கே கட்டியிருந்த பதாகையில் வெள்ளைத் துணியில் வெள்ளை எழுத்துகள் காற்றில் படபடத்தன. சாலை விளக்குகளில் நில் என்ற விளக்கும் போ என்ற விளக்கும் இருந்த இடத்தில், போ என்பது மட்டும் பச்சையாக எரிந்தது. மாவட்ட அலுவலகத்தின் கம்பத்தில் கொடி வெள்ளையாகப் பறந்ததைக் கண்ட காவலாளி, சரணடைந்துவிட்டதாக எவனாவது எண்ணிவிடுவான் என்று பதறி அதை இறக்கி மடித்துத் தன் மதிய உணவுப் பைக்குள் வைத்துக்கொண்டான். யாரும் அலறவில்லை. விடியலில் பால் வாங்கப் போனவர்கள் பால் வாங்கி வந்தார்கள். சிவப்பு போயிற்றாமே என்றார்கள். ஆமாம், இங்கேயும்தான் என்று பதில் வந்தது.

காவல் நிலையத் தலைவர் ஹூ, தன் வழக்கப்படி, திறப்பு விழா நேரத்துக்குச் சரியாகத் தொழிற்சாலை வாசலில் வந்து இறங்கினார். கண்காட்சிகளை மூடுவதற்கு அந்நாட்டில் எப்போதும் ஒரே காரணம்தான் சொல்லப்பட்டது: மின்கம்பிகள் பாதுகாப்பாக இல்லை. கலைக்கும் மின்சாரத்துக்கும் அங்கே தீராத ஏதோ ஒரு பகை. ஹூ மரியாதை தெரிந்தவர். உத்தரவை வாசிக்கும்முன் தொண்டையைச் செருமிக்கொண்டார். வாசித்தபின் தாளைத் திருப்பிக் காட்டினார்.

"முத்திரை எங்கே ஐயா?" என்று கேட்டான் பியான். பழைய செய்தித்தாள்களைப் பிசைந்து ஆளுயர உருண்டையாக்கி, சாணவண்டைப் போல அதைக் கிராமத்திலிருந்து நகரம்வரை உருட்டிக்கொண்டு போய்ப் பெயர் வாங்கியவன் அவன்.

ஹூ தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். நட்சத்திரத்தோடு வட்டமாகச் சிவப்பு முத்திரை பதிந்திருக்க வேண்டிய இடத்தில் தாள் சற்றே குழிந்திருந்தது, வேறொன்றும் இல்லை. வானத்துக்குத் தூக்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். அந்நாட்டில் முத்திரையில்லாத தாள் வெறும் தாள் என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். எத்தனையோ வருடங்களாக அந்த ஓவியர்கள் அதிகாரத்திடம் கேட்கத் துணிந்த ஒரே கேள்வி 'முத்திரையைக் காட்டுங்கள்' என்பதுதான். கேட்கும்போதெல்லாம் காட்டப்பட்டதும் அதுதான். இப்போது முதன்முறையாகக் காட்டப்படவில்லை. பிறகு பியான் தன் தொப்பியை வானத்தில் எறிந்தான், கொட்டகையின் தகரக் கூரை அதிரும்படி ஒரு கூச்சல் எழுந்தது, ஹூ தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "வயரிங்கையாவது கொஞ்சம் பாத்துக்குங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதே நேரத்தில் வென் ஷுவாங் பின்னறைக் கதவைத் திறந்தாள். வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் சிவப்புச் சட்டை அணிந்திருந்தார்கள். அது குழாயிலிருந்து பிதுங்கும் சிவப்பல்ல. மணப்பெண்களின் பட்டும், வாழ்த்துத் தாள்களும், பதாகைகளும், பட்டாசுத் தோல்களும், காவின் துணிகளில் அவள் பூச்சு பூச்சாக உலரவைத்த அந்திகளும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்த சிவப்பு. அறை அடுப்பங்கரையைப் போலக் கதகதத்தது. அவள் திகைக்கவில்லை. இவர்களுக்கு இனிக் குளிராது என்று மட்டும் நினைத்தாள்; பிறகு, பூச்சுகள் சமமாக விழுந்திருக்கின்றனவா என்று ஓரங்களைச் சரிபார்த்தாள்.

முத்திரை விழாத அந்த வசந்தம் எப்படி இருந்தது என்பதை அதை வாழ்ந்தவர்கள்தான் சொல்ல வேண்டும், சொல்லும்போது அவர்கள் இன்றும் எழுந்து நின்றுவிடுகிறார்கள். அலுவலகம் செங்கல் பொடியை எண்ணெயில் குழைத்துப் பார்த்தது, மிளகாயை அரைத்துப் பார்த்தது, பன்றி இரத்தத்தைக் கேட்டு வாங்கி வந்து பார்த்தது. முத்திரையில் தொட்டு எடுக்கும்வரை சிவப்பாக இருந்தவை தாளைத் தொட்டதும் தண்ணீராயின. வெளியிலிருந்து டப்பா டப்பாவாக வரவழைத்த முத்திரை மையும் மாவட்டத்தின் எல்லைக்கல்லைத் தாண்டியதும் வெளிறியது. நடந்ததை மேலிடத்துக்கு முறைப்படி தெரிவிக்கவும் வழியில்லை. தெரிவிக்க வேண்டுமானால் முத்திரையிட்ட அறிக்கை வேண்டும். ஆகவே மாவட்டத்தில் எதையும் தடைசெய்ய முடியவில்லை, எதையும் அனுமதிக்கவும் முடியவில்லை. யாரும் அபராதம் கட்டவில்லை, யாரும் சட்டப்படி மணமுடிக்கவில்லை, பிறந்த குழந்தைகளுக்கு அரசுக்குத் தெரியாமலே பல் முளைத்தது. ஓவியர்களோ பித்துப் பிடித்தவர்களைப் போலத் திரிந்தார்கள். பன்றித் தொழுவத்தில் கண்காட்சி, வாய்க்காலின் மேல் பரணில் கண்காட்சி, செங்கற்சூளைக்குள் கண்காட்சி, ஓடுகிற பேருந்தின் இருக்கை முதுகுகளில் கண்காட்சி. நகரத்திலிருந்து மிதிவண்டிகளில் மாணவர்கள் வந்தார்கள், முட்டைக்கோஸ் லாரிகளில் தொற்றிக்கொண்டு செவிலியரும் கணக்கர்களும் வந்தார்கள், வந்தவர்கள் படங்களைப் பார்த்தார்கள், பார்த்ததைச் சத்தமாகப் பேசினார்கள், பேசிவிட்டு அவரவர் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள், பின்னால் யாரும் இல்லை என்று கண்டு இன்னும் சத்தமாகப் பேசினார்கள். சொல்ல அஞ்சியதைச் சொல்லும்போது மனிதக் குரல் எவ்வளவு அழகாகிவிடுகிறது என்பதை லியூஜிங் அந்த வசந்தத்தில்தான் கேட்டது. வென் ஷுவாங்கும் கேட்டாள். தலைநகரில் தங்கும் அனுமதி இல்லாததால் இரண்டு ஆண்டுகளாகச் சந்துகளின் ஓரமாகவே நடந்து பழகியிருந்தவள், முதன்முறையாக நடுத்தெருவில், இரண்டு கைகளையும் வீசி, வேண்டுமென்றே மெதுவாக நடந்தாள்.

இந்த இடத்தில்தான் ஓவியர்கள் அந்தத் தவறைச் செய்தார்கள்.

கண்காட்சிகள் பெருகின, எல்லோரும் எதையும் மாட்டினார்கள், சில படங்கள் மிக மோசமாகவும் இருந்தன. எது கலை, எது இல்லை என்று யாராவது சொல்லியாக வேண்டாமா என்று ஒருநாள் பியான் கேட்டான். கேள்வி நியாயமாகத்தான் பட்டது. குழுவொன்று அமைத்தார்கள், அதில் எல்லோரும் ஆண்கள், காவ் தலைவன். பிளாஸ்க் கொட்டகையின் சுவர்கள் அந்தக் குழு ஒப்புக்கொண்ட படங்களுக்கு மட்டும் என்று முடிவாயிற்று. ஒப்புக்கொண்டதற்கு அடையாளம் வேண்டுமே? எந்தத் தாளில் எதுவும் பதியாத சுதந்திரத்தில் களித்துக்கொண்டிருந்த அந்த மனிதர்கள், தம் வாழ்நாளில் கண்ட முதல் விடுமுறையில், உட்கார்ந்து, ஒரு பெரிய வெள்ளை முள்ளங்கியை வட்டமாக வெட்டி, முத்திரை செதுக்கினார்கள். நீல மையில் தோய்த்துப் பதித்துப் பார்த்தார்கள். பதிந்தது. கைதட்டினார்கள். அவர்களில் ஒருவனுக்கும் சிரிப்பு வரவில்லை என்பதுதான் இதில் நான் நம்பக் கடினமாக உணரும் ஒரே செய்தி.

வென் ஷுவாங்கும் பாங் அக்காவும் படத்தை முட்டைக்கோஸ் வண்டியில் ஏற்றிக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். போர்வையை விலக்கியதும் குழுவினர் முகங்களில் வெளிச்சம் ஏறியது. பியானின் கண்கள் நிறைந்தன. காவ்தான் முதலில் வாய் திறந்தான்.

"இது என் சிவப்பு."

"எடுத்துக் காட்டு," என்றாள் வென் ஷுவாங்.

"என்ன?"

"உன்னோடதுன்னா எடுத்துக் காட்டு. உன் துணியிலதான் இருந்தது, இப்ப இங்க வந்திருக்கு. கூப்பிட்டுப் பாரு, வருதான்னு பாப்போம்."

குழுவில் ஒருவன் செருமினான். "தோழி, இதை யாரும் மறுக்கலை. பெரிய படம். ஆனா உலகம் பூரா இந்தச் சிவப்பை காவின் சிவப்புன்னுதான் தெரிஞ்சு வச்சிருக்கு. இப்ப வேற பேர்ல மாட்டினா குழப்பம் வரும். காவ் தியேஷான்னு போட்டு, கீழே சின்னதா, உதவி வென் ஷுவாங்னு..."

"நாமதான் ஒண்ணா நிக்கணும் ஷுவாங்," என்றான் காவ், குரலைத் தாழ்த்தி. "இது நம்ம எல்லாருக்குமான போராட்டம். இந்த நேரத்துல பேரு பேருன்னு..."

"அப்ப உன் பேரை எடுத்துடு," என்றாள் பாங் அக்கா. "எல்லாருக்குமானதுதானே? ஏன், ஒட்டிக்கிச்சா?"

முள்ளங்கி முத்திரை அந்தப் படத்தின்மேல் விழவில்லை. அரசாங்கம் தன் பெயரைச் சுவரில் விடாது என்று இத்தனை காலம் எண்ணியிருந்த வென் ஷுவாங், அரசாங்கம் முடங்கிக் கிடந்த வேளையிலும் தன் பெயர் சுவருக்கு வரவில்லை என்பதைக் கண்டாள். அழுகை வரவில்லை, பசிதான் வந்தது. திரும்பும் வழியில் அவளும் பாங் அக்காவும் ஆளுக்கொரு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும், "எங்க வச்சு அந்தப் பொம்பளைங்களைப் பாத்து வரைஞ்சியோ அங்கயே கொண்டு போய் வை," என்றாள் அக்கா. குளியல் கூடத்தின் தெருப்பக்கச் சுவரில் நான்கு ஆணிகள் அடித்து அங்கே மாட்டினார்கள். யாரிடமும் கேட்கவில்லை. குளிக்க வந்த பெண்கள் தங்களைப் பார்த்து வரையப்பட்ட பெண்களுக்கு எதிரே வரிசையில் நின்று, "இது என் கிண்ணம்," "இடுப்பை ஏண்டி இவ்வளவு பெருசாப் போட்டுட்ட?" என்று சிரித்தார்கள்.

பிறகு மணப்பெண்கள் வந்தார்கள்.

அந்த நாட்டில் வெண்மை இழவின் நிறம். சாயம் போன கல்யாண உடையில் நின்ற பெண்களைத் தாலியறுத்தவளைப் பார்ப்பதுபோல் மாமியார்கள் பார்த்தார்கள், அந்தக் கோலத்தில் மருமகளை வாசல் ஏற்ற முடியாது என்றார்கள். ஆனால் அந்தப் படத்தின் முன்னால் நின்றால், நிற்கும் வரையில், வெள்ளை உடை சிவந்தது. செய்தி பரவியது. டிராக்டர்களிலும் மூன்று சக்கர வண்டிகளிலும் மணமக்கள் வந்திறங்கினார்கள், பதிவு அலுவலகம் பதிய முடியாத திருமணங்களைக் குளியல் கூடத்தின் சுவரடியில் முடித்துக்கொண்டார்கள். குழந்தை பிறந்த மாதநிறைவுக்குச் சிவப்பு முட்டை பங்கிட வேண்டியவர்கள் கூடைகூடையாக வெள்ளை முட்டைகளைத் தூக்கிவந்து, சிவந்த முட்டையை அங்கேயே கையில் கொடுத்து, அங்கேயே உரித்துத் தின்னச் சொன்னார்கள். சேவைக்கு விரைந்தவர்கள் உண்டு: தேநீர் விற்றவர்கள், நாற்காலி தந்தவர்கள், வரிசையை ஒழுங்குபடுத்திய ஓய்வுபெற்ற தபால்காரர். குழு ஒப்புக்கொண்ட படங்கள் கொட்டகையில் நீல முத்திரையோடு தனியாகத் தொங்கின. உள்ளே வந்துபோக ஆளில்லாமல் நொண்டி நாய் மட்டும் படுத்திருந்தது. அந்த நாட்டின் எந்தக் கலைக்கூடமும் காணாத கூட்டம் குளியல் கூடத்துச் சந்தில் நெரிந்தது, வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: யார் வரைந்தது?

ஹூ தன் மகளின் கல்யாணத்துக்காக வந்தார். சீருடை இல்லாமல், முடியில் எண்ணெய் தடவி, மகளின் பக்கத்தில் நின்று, அவள் உடை கழுத்திலிருந்து பாதம்வரை சிவந்து எழுவதைப் பார்த்து மூக்கைச் சிந்தினார். சடங்கு முடிந்ததும், மகளைக் கூட்டத்தோடு விட்டுவிட்டு வென் ஷுவாங்கிடம் வந்தார். கைப்பையிலிருந்து ஒரு சிறிய பீங்கான் டப்பாவை எடுத்தார். முத்திரை மை வைக்கும் டப்பா; காலியாக இருந்தது.

"விரல் நுனி அளவு போதும்மா. ஒரு ஓரத்துல சுரண்டினா யாருக்கும் தெரியாது. இதுல இருக்கிற சிவப்பு எங்கேயும் வெளிறாதுன்னு எனக்குத் தோணுது."

"எதுக்கு?"

"முதல் முத்திரை உனக்கு. தலைநகர்ல தங்கறதுக்கான அனுமதி. அதோட சேத்து, நகரத்துப் பெரிய கலைக்கூடத்துல இந்தப் படத்தை மாட்ட உத்தரவு. உன் பேர்ல. உன் பேர் மட்டும். நான் மேல பேசிட்டேன்."

அவள் கேட்டது அவ்வளவே என்று முன்பே சொல்லியிருக்கிறேன். கேட்டதற்கு மேலேயே தட்டில் வைத்து நீட்டியிருந்தார்கள். பெரிய கலைக்கூடத்தின் உயரமான வெள்ளைச் சுவரும், அதில் அவள் பெயரும், அதன் முன்னால் அடையாளம் கேட்கப்படாமல் அவளே வந்து நிற்பதும் கண்ணுக்குள் ஓடின. கூட்டத்தை விலக்கிக்கொண்டு காவ் வந்துவிட்டிருந்தான்.

"வாங்கிக்க," என்றான். "யோசிக்காத. ரெண்டு பேர் பேரையும் போடச் சொல்லு, ஆனா வாங்கிக்க."

அவள் அவனைப் பார்க்கவில்லை. "ரெண்டாவது முத்திரை எதுக்கு ஐயா?"

ஹூ பொய் சொல்லாத மனிதர். அந்த வேலையில் அது ஒரு குறை. "தெரிஞ்சே கேக்கறியேம்மா," என்றார். "கிராமத்தைக் காலி பண்ணச் சொல்லித்தான். வீடு எல்லாம். கொட்டகை எல்லாம். மேஜை மேல தயாரா இருக்கு."

முட்டை உரித்தவர்கள் உரிப்பதை நிறுத்தினார்கள். அவள் டப்பாவைக் கையில் வாங்கி, மூடியைத் திறந்து, மூடி, அவரிடமே திருப்பித் தந்தாள்.

"நீங்க குடுக்கிற பேரை நாளைக்கு நீங்களே எடுத்துக்குவீங்க. அப்ப நான் எங்க போய்க் கேக்கறது? நானே போட்டுக்கறேன்."

குளியல் கூடத்தின் கொதிகலன் அடுப்பு வாயில் கைவிட்டு ஒரு பிடி கரியை வழித்தாள், எண்ணெயில் குழைத்தாள், மரங்களின் அடித்தண்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் பாங் அக்காவின் தடித்த தூரிகையை வாங்கிக்கொண்டாள். பழைய ஓவியர்கள் தம் படங்களில் ஒரு மூலையில் சிறு முத்திரை பதிப்பார்கள்; காவும் அவன் நண்பர்களும் வாங்குகிறவருக்கு வாசிக்க வசதியாக அந்நிய எழுத்துகளில் எறும்பு போலக் கையெழுத்திடுவார்கள். வென் ஷுவாங், வரிசையில் நின்ற பெண்களின் காலடியில், படத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, ஒவ்வொரு எழுத்தும் ஒரு குழந்தையின் உயரத்துக்குத் தன் பெயரை எழுதினாள்.

"படம் கெட்டுது!" என்று காவ் கத்தினான்.

"எனக்கு வாசிக்க வருது," என்றாள் பாங் அக்கா. பள்ளிக்கூடம் பாதியில் நின்றவள் அவள். "வென். ஷுவாங்." பக்கத்தில் நின்ற மணப்பெண் அதைத் திருப்பிச் சொன்னாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் சொன்னார்கள், டிராக்டர்மேல் நின்றவர்கள் சொன்னார்கள், எழுத்து தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், அந்தப் பெயர் சந்து முனை திரும்பிப் பிரதான சாலைவரை வாய்க்கு வாய் போனது, ஹூவின் மகள் அதைச் சொல்லிச் சிரித்தபடியே படத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நடந்தாள், அவள் உடை சிவப்பாகவே இருந்தது. கூடைகளில் முட்டைகள் சிவப்பாகவே இருந்தன. நிலைவாசல்களில் வாழ்த்துத் தாள்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தன, பட்டாசுக் கடையில் சரங்கள் சிவந்தன, சாலை முனையில் நில் விளக்கு எரிந்ததும் பேருந்து ஓட்டுநர்கள் பழைய நண்பனைக் கண்டதுபோல ஒலிப்பானை அழுத்தினார்கள். படத்தின் சிவப்பு ஒரு துளியும் குறையவில்லை. அன்று மாலைவரை லியூஜிங்கில் ஆட்டம் ஓயவில்லை. பியான் முள்ளங்கி முத்திரையைச் சூப்பில் வெட்டிப் போட்டுத் தின்றுவிட்டு வந்து, வென் ஷுவாங்கின் முன்னால் தலை குனிந்து நின்றான். "உப்பு போட்டியா?" என்று மட்டும் அவள் கேட்டாள்.

முத்திரை மைக்கும் சிவப்பு திரும்பியது. நிறத்துக்கு நியாயம் தெரியாது. ஆனால் அதற்கு முன்பே, அடுத்த நாள் காலையிலேயே, புல்டோசர்கள் வந்துவிட்டன. தாள் எதுவும் கொண்டுவரவில்லை. யாரோ தொலைபேசியில் சொன்னார்களாம், அவ்வளவுதான். உத்தரவுக்கு முத்திரை கட்டாயம் என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள் ஓவியர்கள் மட்டுமே. அதிகாரத்துக்கு அந்த மூடநம்பிக்கை ஒருநாளும் இருந்ததில்லை. கொட்டகை போயிற்று, சூளை போயிற்று, முற்றத்து வீடுகள் போயின. குளியல் கூடத்துக்கு இயந்திரங்கள் வந்தபோது சுவரில் ஆணிகள் மட்டுமே இருந்தன. படத்தை ஆணியிலிருந்து இறக்கி, பஞ்சு மெத்தையைப் போலச் சுருட்டி, தலைமேல் வைத்துக்கொண்டு பெண்கள் கிண்ணமும் துவாலையுமாக வயல் வரப்பில் நடந்து போனார்கள். குளிக்கப் போகிறவர்களை யாரும் நிறுத்தவில்லை.

வென் ஷுவாங் பிடிபட்டாள். தங்கும் அனுமதி இல்லாதவர்களை அடைக்கும் முகாமில் கோடை முடியும்வரை இருந்தாள். பிறகு ரயிலேற்றித் தெற்கே அனுப்பப்பட்டாள். காவோடு அதன்பின் பேசவில்லை. அவனுடைய துணிகளுக்கு மட்டும் சிவப்பு திரும்பவே இல்லை. அவன் சாம்பல் நிறத்தில் வரையத் தொடங்கினான், விமர்சகர்கள் அதைத் துணிச்சல் என்று எழுதினார்கள், அவன் செல்வந்தனானான். பாங் அக்கா படத்தை மூன்று குளிர்காலம் தன் முட்டைக்கோஸ் நிலவறையில் வைத்திருந்து, ஒரு லாரியில் தெற்கே அனுப்பி வைத்தாள். அது இன்று வேறொரு நாட்டின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, கீழே இருக்கும் பெயரில் பிழையில்லை. அந்த நாட்டுக்குப் போக அவளுக்குக் கடவுச்சீட்டு தரப்படவில்லை. அவள் சிலகாலம் பள்ளியில் ஓவியம் கற்பித்தாள், வேலை போயிற்று. துறைமுக நகரமொன்றில் வலை பழுதுபார்க்கும் கடையின் மாடியில் அறை எடுத்தாள், இன்றும் அங்கேதான் வசிக்கிறாள். ஐம்பது தாண்டிவிட்டது. இடது முழங்கால் மடங்காது. ஆண்டுக்கு இரண்டு மூன்று படங்கள் வரைகிறாள், ஒன்றோ இரண்டோ விற்கின்றன. சென்ற இலையுதிர் காலத்தில் அவளுடைய கண்காட்சி திறந்த அன்றே மூடப்பட்டது. மறுநாள் விடிந்ததும் படங்களை மீன்சந்தைக்குத் தூக்கிச் சென்றாள். மீன்காரிகள் பனிக்கட்டிப் பெட்டிகளை நகர்த்தி இடம் விட்டார்கள். மாலை சந்தை கலையும்வரை அவள் அங்கே, தன் படங்களுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.